கட்சிக்காரர்

அன்புள்ள சார்,

சிங்கப்பூர் பற்றிய கட்டுரையில் டேவிட் மார்ஷலைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். லீ குவான் யூவைக் கடுமையாக எதிர்த்தவர், பிறகு அதே லீயின் அரசுக்கு 15 ஆண்டுகள் தூதராக இருந்தார் என்று. நான் மதுரையில் ஆறு வருடமாக பிராக்டிஸ் செய்கிறேன். இதை என் சீனியரிடம் சொன்னதும், "விலைக்கு வாங்கிட்டாங்கன்னு நேரா சொல்ல வேண்டியதுதானே" என்றார். எனக்கு அப்படி முடித்துவிட மனசு வரவில்லை. நாமும் நம்பாத ஆளுக்காகத்தானே தினமும் கோர்ட்டில் நிற்கிறோம்? வக்கீல் தூதராவது அதே தொழிலின் நீட்சிதானா, இல்லை சீனியர் சொல்வதுதான் சரியா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

அந்த மனிதரை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனது என் தப்பு.

மார்ஷல் 1908இல் சிங்கப்பூரில், பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1937இல் லண்டன் மிடில் டெம்பிளில் பாரிஸ்டர் ஆனார். போரில் தொண்டர் படையில் சேர்ந்து ஜப்பானியரிடம் சிறைப்பட்டு, ஹொக்கைடோவில் கட்டாய உழைப்பு முகாமில் கிடந்தார். திரும்பி வந்த பிறகு கொலை வழக்குகளில் அவர்தான் ராஜா. அடர்ந்த புருவம், கையில் பைப், கோர்ட்டே அதிரும் குரல்.

1955 தேர்தலில் அவருடைய தொழிலாளர் முன்னணி ஜெயித்து அவர் முதலமைச்சரானார். ஆனால் முதலமைச்சருக்கென்று ஓர் அறைகூட ஒதுக்கவில்லை பிரிட்டிஷ் கவர்னர் ஜான் நிக்கல். எம்பிரஸ் பிளேஸ் அரசு அலுவலகத்துக்கு எதிரே 'பழைய ஆப்பிள் மரம்' என்று பெயர்பெற்ற ஒரு மரத்தடியில் அரசியல் கூட்டங்கள் நடக்கும். (சிங்கப்பூரில் ஆப்பிள் எங்கே காய்த்தது என்று கேட்காதீர்கள்.) சரி, அந்த மரத்தடியில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன் என்றார் மார்ஷல். அதற்கப்புறம்தான் அறை கிடைத்தது, மாடிப்படிக்குக் கீழே. நம் வீடுகளில் துடைப்பமும் பழைய டிரங்குப் பெட்டியும் போட்டுவைக்கும் இடம். ஒரு நாட்டின் முதல் முதலமைச்சர் அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார்.

தன்னாட்சி வாங்கி வருவேன், இல்லாவிட்டால் பதவி விலகுவேன் என்று சொல்லிவிட்டு 1956இல் லண்டன் போனார். பேச்சுவார்த்தை முறிந்தது. சொன்னபடி ஜூன் மாதம் விலகினார். பதவியில் இருந்தது 14 மாதம்.

உங்கள் சீனியருக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதற்கு அடுத்த இரண்டு மாதங்களை. அதே ஆண்டு ஆகஸ்டில் மார்ஷல் சீனாவுக்குப் போனார். கையில் பதவி இல்லை, பின்னால் அரசு இல்லை, பேச்சுவார்த்தை நடத்தச் சொல்லி யாரும் அனுப்பவும் இல்லை. ஷாங்காயில் சுமார் 400 ரஷ்ய யூதர்கள் வெளியேற அனுமதி கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகப் பிரதமர் சூ என்லாயிடமே பேசி, வழி திறக்க வைத்தார். சிங்கப்பூரில் குடியுரிமை இல்லாமல் இருந்த, சீனாவில் பிறந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விஷயத்தையும் அங்கே எடுத்தார். சீனர்கள் எந்த நாட்டின் குடியுரிமையை ஏற்கிறார்களோ அந்த நாட்டுக்கே விசுவாசமாக இருக்கட்டும் என்பது சூவின் நிலைப்பாடு. அந்தப் பதில் சிங்கப்பூரில் மார்ஷலுக்கு உதவியது. நியமனக் கடிதம் இல்லாமலே அவர் செய்த தூதர் வேலை இது. பிரான்சுக்குத் தூதராகப் பாரிஸ் பதவி வந்தது இதற்கு 22 ஆண்டுகள் கழித்து.

பிறகு பாட்டாளிக் கட்சியைத் தொடங்கினார், ஆன்சன் இடைத்தேர்தலில் ஜெயித்தார், 1963இல் தோற்றார், மறுபடி கோர்ட்டுக்கே வந்தார். அரசியலில் அவர் நல்ல ஆட்டக்காரர் இல்லை. கோபம் சீக்கிரம் வரும், அதைவிடச் சீக்கிரம் ராஜினாமா வரும்.

1969இல் பிரதமர் லீ குவான் யூ, பொதுமக்களே அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை ஒழிக்கப் புறப்பட்டபோது நாடாளுமன்றத் தேர்வுக்குழு முன் மார்ஷல் எதிர்த்துச் சாட்சி சொன்னார். 100 கொலை வழக்குகளில் 99இல் விடுதலை வாங்கியிருக்கிறேன் என்றார். அந்த 99 பேரும் தவறாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களா என்று லீ கேட்டார். அவர்களுக்காக வாதாடுவதுதான் என் கடமை, தீர்ப்புச் சொல்வது இல்லை என்பது பதில். லீயும் வக்கீல்தான். மரியா ஹெர்டோக் என்ற சிறுமி யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கால் 1950இல் சிங்கப்பூரில் வெடித்த கலவரத்தில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட நால்வருக்கு விடுதலை வாங்கித் தந்தவர். அந்த வெற்றி கடைசிவரை அவர் மனசை உறுத்தியது. ஒரே கேள்விக்கு இரண்டு வக்கீல்கள், இரண்டு மனசாட்சிகள். உங்கள் கேள்விக்கான விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழில் கட்சிக்காரர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். கோர்ட்டு வாசலில் அது வக்கீலிடம் வழக்கை ஒப்படைத்தவர். தெருவில் அது கொடி பிடிப்பவர். மார்ஷல் லீயின் மக்கள் செயல் கட்சிக்கு இரண்டாவது பொருளில் ஒருநாளும் கட்சிக்காரர் ஆகவில்லை. 1978இல், 70 வயதில், அந்த நாட்டைத் தன் கட்சிக்காரராக ஏற்றுக்கொண்டார். அப்போது வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். பாரிஸில் இருந்தபடியே ஸ்பெயின், போர்ச்சுகல், சுவிட்சர்லாந்தையும் பார்த்துக்கொண்ட காலம் உண்டு. 1993 வரை அந்த வேலை.

வக்காலத்தில் கட்சிக்காரர் கையெழுத்துப் போடுகிறார், நீங்கள் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்கிறீர்கள். தூதரின் நியமனக் கடிதமும் கிட்டத்தட்ட அதுதான். எங்கள் பெயரில் இவர் சொல்வதை நம்புங்கள் என்று ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் தலைவருக்கு எழுதித் தருவது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சாயங்காலம் கோர்ட்டு வாசல் டீக்கடையில் நின்று, "நம்ம ஆள் சரியான கேடி சார்" என்று நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். தூதர் விருந்து மேசையிலும் தூதர்தான், நடைபயிற்சியிலும் தூதர்தான். எங்கள் ஊர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த என் மாமா, மாலையில் கேஸ் கட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். கட்டியாச்சு, இனி வீடு. தூதரின் கட்டுக்குக் கயிறே கிடையாது.

இதையே வேறு மாதிரி வாழ்ந்தவர் நம்மிடமும் இருக்கிறார். 1975 ஜூனில், இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றியை ரத்து செய்த அலகாபாத் தீர்ப்புக்கு எதிராக அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர் நானி பால்கிவாலா. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் வழக்குக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஜனதா ஆட்சியில் 1977 முதல் 1979 வரை அமெரிக்காவில் இந்தியத் தூதர். தன் மனசுக்கு ஒத்த அரசு வந்தபோது போனார், இரண்டு வருடத்தில் திரும்பினார். சுத்தமான கணக்கு. மார்ஷலின் கணக்கு அப்படிச் சுத்தமானது இல்லை, எனக்கு அவரைப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலைக்கு வாங்கினார்கள் என்பதற்கு வருவோம். 1971இல் நன்யாங் சியாங் பாவ் பத்திரிகையின் நால்வரை விசாரணையின்றிக் காவலில் வைத்தபோது அவர்களுக்காக நின்றவர் மார்ஷல். அந்த வழக்கின் பிரமாண வாக்குமூலங்களை வெளிநாட்டுக்கு அனுப்பியதில், அட்டர்னி ஜெனரலுக்குக் கொடுத்த உறுதியை மீறினார் என்று 1972இல் ஆறு மாதம் தொழில் செய்யத் தடை. தொழில் உரிமமான சன்னதைப் பறிகொடுத்த வக்கீலின் நிலைமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் பாரிஸ். ஊருக்குள் சத்தம் போடுகிற ஒருவரைப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மரியாதையோடு உட்கார வைப்பது அரசுக்கு எவ்வளவு வசதி என்று உங்கள் சீனியர் சொன்னால், நான் மறுக்க மாட்டேன். அரசுக்கு அது லாபம்தான். அவர் விலைபோனார் என்பதைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விலைபோனவர் ஓய்வு பெற்ற பிறகும் வாயைத் திறப்பதில்லை. மார்ஷல் 1993இல் 85 வயதில் ஊர் திரும்பி, ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து, உள்ளூர்ப் பத்திரிகைகள் ஆளும் கட்சிக்கு வாலாட்டுகின்றன என்று அச்சில் ஏற்றத் தயங்கும் வார்த்தைகளில் விளாசினார். 1995 டிசம்பர் 12இல் இறந்தார்.

எனக்கு உறுத்துவது வேறு. 1987 மே, ஜூனில் சிங்கப்பூரில் 22 பேரை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றிப் பிடித்தார்கள். தேவாலய சமூகப் பணியாளர்கள், வக்கீல்கள். அப்போது பாரிஸில் சிங்கப்பூரின் குரல் மார்ஷல். அதற்குப் பிறகும் ஆறு ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். பால்கிவாலாவாக இருந்தால் கட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார் என்று ஒரு கணம் தோன்றும். அடுத்த கணம், 1955இல் விசாரணையற்ற காவலுக்கு இடம் தரும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்ததே முதலமைச்சர் மார்ஷலின் அரசுதான் என்பது நினைவுக்கு வரும். அவசரகாலச் சட்டத்தை நீக்கி, நீதிபதிகளிடம் மேல்முறையீடு என்ற ஒரு கதவைச் சேர்த்தார், உண்மைதான். ஆனாலும் பூட்டு அவருடைய அரசு போட்டது.

உங்கள் சீனியருக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். 1987 பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். 1956 பற்றியும்.

அன்புடன்.