உடை மாற்றும் அறையில் ஒரு கேள்வி

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் நான், தோழியர் சிலருடன் வாரம் இருமுறை பேட்டை நீச்சல் குளத்துக்குப் போகிறேன். சென்ற மாதம் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு ஒரு திருநங்கை வந்தார். ஒன்றும் நடக்கவில்லை, குளித்தார், போய்விட்டார். ஆனால் என் பதினான்கு வயது மகள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இதை வாட்ஸ்அப் குழுவில் சொன்னபோது ஒருவர் 'பெண்' என்றால் யார் என்பது பற்றிய பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அனுப்பி, "அங்கேயே முடிவாகிவிட்டது, இந்த மேலைநாட்டுக் கூத்து நமக்கெதற்கு?" என்று கேட்டார். இன்னொருவர் என்னை வெறுப்பு பிடித்தவள் என்றார். கூச்சப்படுவதே வெறுப்பாகிவிடுமா?

ஒரு வாசகி, ஈசூன்

*

அன்புள்ள வாசகிக்கு,

கூச்சம் வெறுப்பாகாது. பதினான்கு வயதில் சொந்தப் பாட்டியின் முன்னால் உடை மாற்றவே உடம்பு குறுகும். அந்தக் குழந்தைக்குக் கொள்கை விளக்கம் எதுவும் தேவையில்லை. உங்களை வெறுப்பு பிடித்தவர் என்றவர் அவசரப்பட்டுவிட்டார். அதேபோல், தீர்ப்பை அனுப்பியவரும் அதை முழுதாகப் படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

2025 ஏப்ரல் 16ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்ற சொல் பிறப்பால் அமைந்த பாலினத்தையே குறிக்கும் என்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறியது. வழக்கு தொடங்கியது உடை மாற்றும் அறையில் அல்ல. ஸ்காட்லாந்தின் பொது அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கு எத்தனை இடம் என்ற கேள்வியில். ஒரு தரப்பின் வெற்றியாக இதைக் கொண்டாட வேண்டாம் என்றும், பாலினம் மாறியவர்களுக்குப் பாகுபாட்டிலிருந்து அதே சட்டம் தரும் பாதுகாப்பு தொடர்கிறது என்றும் நீதிபதிகள் சேர்த்தே சொன்னார்கள். மேலும் அங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுவை சிகிச்சை இல்லாமலேயே பாலின மாற்றச் சான்றிதழ் பெறலாம். இங்கே அப்படியில்லை. ஆகவே அவர்களுடைய சண்டையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து ஈசூனில் இறக்கிவைப்பதில் பொருளில்லை.

மேலைநாட்டுக் கூத்து என்பதும் சரியில்லை. 1971 ஜூலையில் இங்கு முதல் பாலின மாற்று அறுவை சிகிச்சை நடந்தது லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்திலிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில். செய்தவர் இலங்கையிலிருந்து வந்த தமிழரான பேராசிரியர் ரத்தினம். 1973 முதல் சிகிச்சை முடித்தவர்கள் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. 1991இல் ஒரு திருமண வழக்கில் உயர் நீதிமன்றம் பிறப்பின் பாலினமே செல்லும் என்று அந்தத் திருமணத்தை ரத்துசெய்ய, 1996இல் நாடாளுமன்றம் திருமணங்களுக்கான சட்டமாகிய மாதர் சாசனத்தைத் திருத்தி அத்தகைய திருமணங்களுக்கு இடமளித்தது. நீங்கள் பார்த்தவரின் அட்டையிலும் பெண் என்றே இருந்திருக்கலாம்.

இல்லாமலும் இருந்திருக்கலாம். அறுவை சிகிச்சைக்குப் பணமோ, அதைத் தாங்கும் உடம்போ, விருப்பமோ இல்லாதவர்கள் அட்டையில் பிறந்தபோது இருந்த பாலினத்தோடே வாழ்கிறார்கள். என் இளமையில் தேக்கா பக்கம் மாடிக்கடை ஒன்றில் தைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படிப்பட்டவர். என் தாயார் ரவிக்கைக்கு வேறு யாரிடமும் அளவு கொடுக்க மாட்டார். பூப்போட்ட திரைக்குப் பின்னால், வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி, மார்பளவு எடுக்கும்போது மட்டும் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்வார் அந்த அக்கா. பல ஆண்டுகள் கழித்து அவர் நோயுற்றபோது, அட்டையைப் பார்த்து ஆண்கள் பிரிவில் படுக்கை கொடுத்தார்கள். நான் போயிருந்தபோது கழுத்துவரை போர்வையை இழுத்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். உங்கள் மகள் துண்டைப் பிடித்திருந்ததாக நீங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அந்தக் கைகள்தாம் நினைவுக்கு வந்தன.

அதனால்தான், 'யார் பெண்?' என்று பொதுவாகக் கேட்டு, வரும் ஒரே பதிலை எல்லா வாசல்களிலும் ஒட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தந்த இடம் யாரை, எதிலிருந்து காக்க ஏற்பட்டது என்று கேட்க வேண்டும். போட்டிக் குளத்தில் கேள்வி உடல்வலிமை பற்றியது. ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் பெண்கள் பிரிவில் நீந்த முடியாது என்று உலக நீச்சல் கூட்டமைப்பு 2022இல் விதித்தது நியாயம் என்றே நினைக்கிறேன். கணவனிடம் அடிபட்டுத் தஞ்சம் புகுந்தவர்கள் தங்கும் இல்லத்தில் அவர்களுடைய அச்சத்துக்கே முதலிடம். பிறருக்குத் தனி ஏற்பாடு வேண்டும். (சொல்வது சுலபம், நடத்துகிறவர்களுக்கு எத்தனை அறைகள் இருக்கின்றன என்பது வேறு கதை.) உடை மாற்றும் அறையிலோ நாம் அஞ்சுவது பிறர் பார்வைக்கு. ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் 2020 முதல் இங்கே தனிக் குற்றம். செய்பவர் ஆணா, பெண்ணா, திருநங்கையா என்று சட்டம் கேட்பதில்லை. நீங்கள் சொல்கிறபடி அவர் குளித்தார், போய்விட்டார். வேறு யாரோ செய்யக்கூடியதற்கு அவரிடம் கணக்குக் கேட்க முடியாது.

பிறப்புப்படிதான் என்று விதித்தால், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும், தாடி மீசையோடு இருக்கும் திருநம்பி பெண்கள் அறைக்குத்தான் வந்தாக வேண்டும். அதை உங்கள் குழு யோசித்ததா என்று தெரியவில்லை.

நான் போகும் குளத்தில் எட்டுக் குளியல் தடுப்புகளில் மூன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உடை மாற்றுவதோ நடுவிலிருக்கும் நீள பெஞ்சில், எல்லாரும் பார்க்க. கம்பத்து, அதாவது கிராமத்து, கிணற்றடியில் குளித்து வளர்ந்த மூதாட்டிகள் சாரோங்கைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளேயே முழு உடையையும் மாற்றிவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கு அந்த வித்தை தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அவளுக்கு வேண்டியது தாழிடக்கூடிய ஒரு கதவு; அந்தத் திருநங்கைக்கும் அதுதான் வேண்டும். குளத்தின் நிர்வாகத்துக்கு உங்கள் குழு ஒரு கடிதம் எழுதட்டும். அனுப்பிவையுங்கள், நானும் கையெழுத்திடுகிறேன்.