துபாயில் இருக்கும் தம்பிக்கு, ஸ்டேட் நாமினேஷன் பற்றி

வ அலைக்கும் ஸலாம் தம்பி. லீவில் பெரியபட்டினம் வந்திருக்கும்போதே கேட்டது நல்லதாகப் போயிற்று. சில காகிதங்களை ஊரில் இருக்கும்போது எடுத்தால்தான் உண்டு. உங்களுக்கு வயது 31, பி.இ. சிவில், துபாயில் ஆறு வருடமாக சைட் இன்ஜினியர், மனைவி பி.எஸ்சி. ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட் எட்டு லட்சம் கொடுத்தால் ஆஸ்திரேலியா ஸ்டேட் நாமினேஷன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மச்சானுடைய மண்ணடிக் கடையைக் காட்டி பிசினஸ் விசாவும் போடலாம் என்கிறார். நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிசினஸ் விசா பேச்சை முதலில் முடித்துவிடுவோம். மாநில அரசின் பரிந்துரையோடு கொடுத்துவந்த 188 விசாவை 2024 ஜூலையோடு மூடிவிட்டார்கள். திறந்திருந்த காலத்தின் கடைசியிலேயே அதன் முக்கியப் பிரிவுக்கு வருட விற்றுமுதல் ஏழரை லட்சம் டாலர், சொத்து பன்னிரண்டரை லட்சம் டாலர் காட்ட வேண்டியிருந்தது. பிறகு வந்த 858 விசா தன் துறையில் உலக அளவில் பெயர் எடுத்தவர்களுக்கானது. மச்சான் மண்ணடியிலேயே நிம்மதியாகக் கடை நடத்தட்டும்.

இனி உங்கள் விஷயம். நாமினேஷனும் விசாவும் ஒன்றில்லை. வெளியூரில் பெண் எடுக்கும்போது மாப்பிள்ளையின் ஜமாத்தில் கடிதம் வாங்கிக் கொடுக்கிறோமே, அந்த மாதிரிதான். கடிதம் இல்லாமல் காரியம் நகராது, ஆனால் கடிதத்தை வைத்தே நிக்காஹ் முடிந்ததாகாது. இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று மாநிலம் சொல்லும். விசா கொடுப்பது மத்திய உள்துறை. எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று மத்திய அரசு வருடா வருடம் பிரித்துக் கொடுக்கும், ஜூலை முதல் ஜூன் வரை கணக்கு. எந்தத் தொழில்காரர் வேண்டும், வெளிநாட்டில் இருப்பவரா, ஏற்கெனவே உள்ளே வேலை பார்ப்பவரா என்பதெல்லாம் மாநிலத்தின் இஷ்டம், அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே யாரும் இதை 'வாங்கித் தர' முடியாது. ஆஸ்திரேலியாவில் பதிவு செய்த ஏஜென்டுக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்கும், பொதுப் பதிவேட்டில் யாரும் சரிபார்க்கலாம். அவரிடம் எண்ணைக் கேளுங்கள், பேச்சு மாறுகிறதா பாருங்கள்.

உங்கள் கையில் இருப்பது பாயின்ட், அதாவது வயது, படிப்பு, அனுபவம் பார்த்து விசாவுக்குப் போடும் மதிப்பெண். 25 முதல் 32 வயது வரை 30, டிகிரிக்கு 15, வெளிநாட்டு அனுபவம் ஐந்து வருடம் தாண்டியதால் 10. ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10, 8 எடுத்தால் 20. மனைவி 6 எடுத்தாலே 5 சேரும். நாட்டி என்ற ஆஸ்திரேலிய மொழிபெயர்ப்பாளர் அமைப்பு நடத்தும் சிசிஎல் தேர்வில், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வாய்மொழியாக மொழிபெயர்த்துத் தேறினால் இன்னொரு 5 வாங்கலாம். ஆங்கிலத்தில் 7 என்று வைத்தாலும் 75 வருகிறது. 190 என்ற நிரந்தர விசாவுக்கு மாநிலம் பரிந்துரைத்தால் அதோடு 5, 491 என்ற தற்காலிக விசா என்றால் 15. குறைந்தபட்சம் 65 இருந்தால் போதும் என்று சட்டம் சொல்லும், நடப்பில் அந்த 65-ஐ நம்பி உட்காராதீர்கள். 33 ஆகிவிட்டால் வயதுக்கு 25தான், விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வரும் நாளின் வயதைத்தான் எடுப்பார்கள்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது தகுதி மதிப்பீட்டில். இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற அமைப்பு உங்கள் படிப்பையும் வேலையையும் பார்க்கும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் சிடிஆர் வழிதான், அதாவது நீங்கள் செய்த வேலையை மூன்று கட்டுரைகளாக எழுத வேண்டும். காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள்; காப்பி என்று பிடித்தால் நிராகரிப்பதோடு தடையும் போடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் அமீரகத்து வேலை அனுமதிச் சீட்டான லேபர் கார்டு. சைட்டில் இன்ஜினியராக நிற்பீர்கள், கார்டில் ஃபோர்மேன் என்று இருக்கும். வளைகுடாவில் இது சகஜம், ஆஸ்திரேலியாவில் அனுபவக் கணக்கையே கேள்விக்குள்ளாக்கிவிடும். கம்பெனியில் நல்ல பேச்சு இருக்கும்போதே வேலை விவரத்தோடு லெட்டர் வாங்குங்கள். அமீரக அரசின் சம்பளப் பட்டுவாடா முறையான டபிள்யூபிஎஸ்ஸில் சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட்டைச் சேர்த்து வையுங்கள்.

ஊரில் முடிக்க வேண்டிய வேலை: நிக்காஹ் தஃப்தர் ஜமாத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாமல், சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்து சான்று எடுங்கள். 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் அது கட்டாயம். பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் வாப்பா பெயரும் சர்டிஃபிகேட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். போலீஸ் சான்று பிறகு போதும், இந்தியா, அமீரகம் இரண்டிலும் கேட்பார்கள்.

190 வந்த நாளிலிருந்தே நிரந்தரம். அந்த மாநிலத்தில் இரண்டு வருடம் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். 491 ஐந்து வருடத் தற்காலிக விசா. சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பிராந்தியப் பகுதிகளில் மூன்று வருடம் இருந்து, வருமான வரிக் கணக்கும் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போகலாம். பிராந்தியப் பகுதி என்றதும் சாயல்குடிக்கு அந்தப் பக்கக் காட்டை நினைத்துவிடாதீர்கள். நான் இருக்கும் அடிலெய்டும் அதில்தான் சேரும், பெர்த்தும் சேரும். இங்கே நகரத்து நடுவில் ஒட்டகம் ஓட்டவந்த ஆப்கானியர்கள் 1880களின் கடைசியில் கட்டிய பள்ளிவாசலில் இன்றும் ஜும்ஆ நடக்கிறது. மீனுக்கும் குறையில்லை. நம் கிழங்கானின் பெரிய உறவு ஒன்று கிடைக்கும், விலை மட்டும் வாய் திறக்கவிடாது.

சபரில், அதாவது வளைகுடாப் பிழைப்பில், பழகிய நமக்கு இங்கே கணக்கு தலைகீழ். கம்பெனி ரூம் இல்லை, வாடகை வாரக் கணக்கு, வரியும் உண்டு. நாமினேஷன் கிடைத்தாலும் வேலை நீங்கள்தான் தேட வேண்டும். துபாய் அனுபவத்தைச் சட்டென்று மதிக்கமாட்டார்கள். கான்கிரீட்டுக்கு இங்கே ஏஎஸ் 3600 என்ற தரவிதி, அதை இப்போதே புரட்டத் தொடங்குங்கள். முதல் சில மாதம் கிடங்கிலோ கடையிலோ நின்ற இன்ஜினியர்கள் நிறையப் பேர். தங்கைகளைக் கரையேற்ற வேண்டும், ஊரில் வீட்டை முடிக்க வேண்டும் என்பது அவசரமாக இருந்தால் இன்னும் இரண்டு வருடம் துபாயிலேயே இருங்கள், அங்கிருந்துதான் பணம் அனுப்ப முடியும். மனைவி மக்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் தாமதிக்காதீர்கள். விசா கையில் வரும்வரை ரிசைன் லெட்டர் மட்டும் வேண்டாம்.

உம்மாவை நிரந்தரமாகக் கூட்டிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டும் வகைப் பெற்றோர் விசாவுக்கு ஓர் ஆளுக்கு நாற்பதாயிரம் டாலருக்கு மேல் போகிறது, வரிசையோ பத்து வருடத்தைத் தாண்டும். எனவே நாங்கள் எல்லோரும் விசிட் விசாதான் எடுக்கிறோம். ஜூன், ஜூலையில் அழைக்காதீர்கள், குளிர் தாங்கமாட்டார்கள். மார்ச், ஏப்ரல் தோதுப்படும்.