‘ஸ’ எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் தரம் 9 பிள்ளைகளுக்கு பிரெஞ்சு படிப்பிக்கிறேன். வினை செய்தவரையே திரும்பச் சுட்ட வினைக்கு முன்னால் வரும் சின்னச் சொற்களை ம, த, ஸ, நூ, வூ என்று பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். வசனம் எழுதச் சொன்னால் ஒன்றில் அந்தச் சொல்லை விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் எல்லா வினைக்கும் போடுகிறார்கள். ஏதாவது சமூக விசயத்தோடு சேர்த்துப் படிப்பிக்கலாமா?

பதில்: வீட்டு வேலையை எடுங்கள். விடிய யார் எழும்புகிறார், யார் யாரை எழுப்புகிறார் என்ற கேள்விக்குள்ளேயே உங்கள் இலக்கணம் கிடக்கிறது.

எழும்பு, எழுப்பு என்று எங்களுக்கு இரண்டு சொல். நான் குளிக்கிறேன், தம்பியைக் குளிப்பாட்டுகிறேன். நான் வெளிக்கிடுகிறேன், அவனை வெளிக்கிடுத்துகிறேன். தமிழ்ப் பாடத்தில் படித்த தன்வினை, பிறவினைதான். பிரெஞ்சில் வினை ஒன்றே: ‘ரெவெயே’ மற்றவரை எழுப்புவது, ‘ஸ ரெவெயே’ தான் எழும்புவது. சின்னச் சொல் வினைக்கு முன்னால் நின்று ஆளுக்கேற்ப மாறும், அவ்வளவுதான். ஆனால் ‘ஸ’ என்றால் ‘கொள்’ என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள், ‘கற்றுக்கொள்’ளுக்கு பிரெஞ்சில் ‘ஸ’ கிடையாது, பிள்ளை அங்கேயும் போட்டுவிடும்.

அப்புறம், விடிய நாலரை முதல் ஏழு மணிவரை வீட்டில் நடப்பதை ஆறு வசனத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘மோன் ஃப்ரேர் ஸ லாவ்’, அண்ணா தன் பாட்டில் குளிக்கிறார். ‘மா மேர் ரெவெய் மோன் ஃப்ரேர்’, அம்மா அவரை எழுப்புகிறார். (எழும்பி நிற்பதற்கான ‘ஸ லேவ்’ காதுக்கு கிட்டத்தட்ட ‘ஸ லாவ்’ போல இருக்கும், இரண்டையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம்.) எல்லாவற்றையும் கரும்பலகையில் போட்டு, ‘ஸ’ உள்ளவை ஒரு பக்கம், இல்லாதவை ஒரு பக்கம் பிரியுங்கள். அம்மாவின் பெயர் பெரும்பாலும் ‘ஸ’ இல்லாத பக்கமே குவியும். நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை, பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள். ‘ஸ ரபோசே’, அதாவது ஓய்வெடுப்பது, யாருக்கு வருகிறது என்று அப்போது கேளுங்கள்.

தாயோ தகப்பனோ வீட்டில் இல்லாத பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கற்பனை வீடு ஒன்றை எழுதலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

இறந்தகாலத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள், அங்கே வரும் ‘எத்ர்’ (இரு) என்ற துணைவினையும், பெண்பாலுக்கு வினை முடிவில் சேரும் எழுத்தும் சேர்ந்து குழப்பும். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று ‘ஸாக்குப்பே த’ என்ற வினையோடு வந்தால் மட்டும் தயாராக இருங்கள்: அடுத்தவரைப் பார்த்துக்கொள்வதுதான் பொருள், ஆனாலும் ‘ஸ’ ஒட்டியே வரும். அதை விதிக்குள் திணிக்காமல் அப்படியே பாடமாக்கச் சொல்லுங்கள்.