பெருந்தொற்றுக் காலத்தில் இளைஞர்கள் பாதுகாப்பான உடலுறவில் கவனமாக இருந்தார்களா?

கொரோனா ஊரடங்கில் இளைஞர்கள் பாதுகாப்பைக் கைவிட்டார்களா, நாட்டுக்கு நாடு இது எப்படி வேறுபட்டது என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் பதினோரு ஆண்டுகளாக மருந்தாளுநராக வேலை பார்க்கும் பெண் நான். கடையில் கண்டதை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஆணுறையை உள்ளூரில் வாங்க மாட்டார்கள். கடைக்காரருக்கு அப்பச்சியை (அப்பாவை) தெரிந்திருக்கும், பக்கத்தில் நிற்பவர் பங்காளி வீட்டுக்காரராக இருப்பார் என்பதால், மதுரைக்கோ திருச்சிக்கோ போகும்போது முகம் தெரியாத கடையில் வாங்கி வருவதே வழக்கம். 2020 மார்ச் 25 முதல் பேருந்துகள் நின்று, பிறகு மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றானபோது அந்த வழி அடைபட்டது. ஓர் இளைஞர் மூன்று நாள் தொடர்ந்து வந்து குளுக்கோஸ் மட்டும் வாங்கிப் போனார். நான்காம் நாள், கடையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து, வாய் திறக்காமல் அலமாரியைக் கண்ணால் காட்டினார். முகக்கவசம் இருந்ததால்தான் அந்தத் துணிவாவது வந்தது என்று நினைக்கிறேன்.

உலகில் விற்கும் ஐந்து ஆணுறைகளில் ஒன்றைத் தயாரிக்கும் காரெக்ஸ் நிறுவனத்தின் மலேசியத் தொழிற்சாலைகள் அந்த மார்ச்சில் மூடப்பட்டதால், தட்டுப்பாடு வரும் என்று உலகமே பேசியது. எங்கள் தாத்தாக்கள் வணிகம் செய்யப் போன அதே மலாயாதான். ஆனால் எங்கள் கடையில் பெட்டிகள் தீரவே இல்லை. கேட்டு வாங்க வந்தவர்கள்தான் குறைந்தார்கள்.

நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம், தனியாக வாழ்பவர்கள் பலரோடு பழகாமல் ஒருவரோடு மட்டும் பேசி ஒப்புக்கொண்டு உறவு வைத்துக்கொள்ளலாம் என்று 2020 மே மாதத்தில் வெளிப்படையாகவே அறிவுரை வழங்கியது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறையும் இதுபற்றித் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான். அங்கே அரசு சொன்னதை இங்கே எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. கல்லூரி விடுதி மூடி ஊர் திரும்பிய பெண் ஒருத்தி அவசரக் கருத்தடை மாத்திரை கேட்டு வந்தாள். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்ற கணக்கில் எடுக்க வேண்டிய மாத்திரை அது. மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கச் சட்டம் அனுமதித்தாலும், தமிழ்நாட்டின் பெரும்பாலான கடைகளைப் போல எங்கள் கடையிலும் இருப்பு இல்லை. இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அரசு மருத்துவமனைக்குப் போகலாம் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு முதலாளியிடம் பேசி அந்த மாத்திரையை வரவழைத்தோம். கருவைத் தடுக்கும் மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்காது என்பதையும், அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையமான நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம் என்பதையும் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஆணுறைப் பெட்டிகள் இப்போது எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வாய் திறந்து கேட்காமலே எடுத்துக்கொள்ளும் உயரத்தில் இருக்கின்றன.