மில்லுக்குப் போகும் தார் ரோடு: 20 மி.மீ.யா, 40 மி.மீ.யா?

திருத்துறைப்பூண்டி பக்கம் அரிசி ஆலை நடத்தும் வாசகர் கேட்கிறார்: "மெயின் ரோட்டிலிருந்து மில் வரை 200 மீட்டர், ஒரு பக்கம் வாய்க்கால். நெல் லாரி ஓடி ஓடிப் பழைய தார் ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. கான்ட்ராக்டர் இரண்டு எஸ்டிமேட் தந்திருக்கிறார்: 20 மி.மீ. கனத்தில் ஓபன் கிரேடட் (சந்து விட்ட தார்க் கலவை), மேலே சீல் கோட் (சந்தை அடைக்கும் மெல்லிய பூச்சு). அல்லது 40 மி.மீ. கனத்தில் சந்தில்லாத கெட்டிக் கலவை. இரண்டாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. எது கட்டுப்படியாகும்?"

40 மி.மீ.தான். ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஒரு கடப்பாரை எடுங்கள்.

குழி விழுந்த இடத்தில் ஓர் அடி சதுரம் தோண்டுங்கள். ஜல்லியோடு களிமண் பிசைந்துகொண்டு வந்தால், மேலே எத்தனை கனம் போட்டாலும் ஐப்பசி அடைமழையைத் தாண்டாது. நம் பக்கம் தார் ரோடு தேய்ந்து கெடுவதைவிட, அடிமண் ஊறிக் கெடுவதுதான் அதிகம். மழை விட்ட மறுநாள், லோடு லாரி போனதும் குனிந்து பாருங்கள். முதலைத் தோல்போல வெடித்த இடத்தில் சாம்பல் நிறச் சேறு கோடு கோடாகக் கசிந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்து, கிராவலும் வெட் மிக்ஸும் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை) போட்டு இறுக்கிய பிறகுதான் தார்.

ஓபன் கிரேடட் கலவைக்குள் சந்து அதிகம். சீல் கோட் ஒன்றுதான் தண்ணீரைத் தடுக்கிறது. லாரி ஒடித்துத் திரும்பும் இடத்தில் அது உரிந்தால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும். இந்தக் கலவை ரோட்டுக்குப் பலமும் சேர்க்காது, வெறும் போர்வை. பைக்கும் டாட்டா ஏஸும் போகிற தெருவுக்குச் சரி, உங்களுக்குச் சரிவராது.

அளவை நீங்களே சரிபார்க்கலாம். அகலம் 3.75 மீட்டர் என்றால் 750 சதுர மீட்டர். 40 மி.மீ. கனத்துக்குச் சுமார் 70 டன் கலவை, அதில் தார் மட்டும் மூன்றரை டன் வாக்கில். மில்லில் எடைமேடை இருந்தால் ஒவ்வொரு கலவை லோடையும் அதில் ஏற்றி எடை பாருங்கள்; கனம் குறைந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தார் விலை மாதம் இருமுறை மாறுவதால், எஸ்டிமேட் எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதி வாங்குங்கள். ஜல்லி புதுக்கோட்டைப் பக்கமிருந்து வந்தால் லாரி வாடகையும் கணிசம்.

கலவை சூடாக வர வேண்டும். பரப்பும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது, 90-க்கு இறங்குமுன் ரோலர் வேலை முடிய வேண்டும். ரோட்டின் நடு, ஓரத்தைவிட நாலரை சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும். வாய்க்கால் பக்கம் கரை சரிந்திருந்தால் முதலில் தடுப்புச்சுவர்; இல்லாவிட்டால் ஓரம் அப்பளமாக உடையும்.

சிமென்ட் ரோடு தேங்கும் தண்ணீருக்கு அஞ்சாது, ஆயுளும் கூடுதல். ஆனால் நீராற்றும் நாட்களில் மில்லை மூட வேண்டியிருக்கும். எடைமேடை முன்னால், லாரி நின்று திரும்பும் இடத்துக்கு மட்டும் அதைப் போடுங்கள்.

சம்பா லோடு ஓய்ந்த பிறகு, பங்குனி, சித்திரையில் வேலையை வையுங்கள். அப்புறம், கேஜ் வீலோடு (சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) ஒரு டிராக்டரையும் புது ரோட்டில் ஏறவிடாதீர்கள்.