பழைய ஒஸ்ரின் செசியில் ஸ்பீட்ஸ்டர் கட்டலாமா?

கேள்வி ஒஸ்ரின் ஏ40 சொமர்செட் பற்றியது: பொடியை (மேற்கூட்டை) கறள் தின்றுவிட்டது, செசி (அடிச்சட்டம்) இருக்கிறது, அதில் ஸ்பீட்ஸ்டர், அதாவது இருவர் இருக்கும் திறந்த கார், கட்டலாமா? தாராளமாக. இதற்குச் செசி தனி. மொறிஸ் மைனரில் பொடியே செசியும் என்பதால் சரிவராது. பொடியை வெட்டினால் நடுவில் தொய்ந்துவிடும்.

முதலில் செசியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்று கேட்காத இடத்தில் உள்ளே கறள். யாழ்ப்பாணத்து உப்புக்காற்றில் பின் வில்லுத்தகடு மாட்டும் இடத்தை இரண்டுதரம் பாருங்கள். செசியை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து, இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசமிருந்தால் நிமிர்த்தாமல் மேலே எதுவும் கட்டாதீர்கள்.

பொடிக்குத் தேக்குச் சட்டமும் 1.2 மி.மீ. அலுமினியத் தகடும் போதும். அலுமினியம் இரும்பைத் தொடும் இடமெல்லாம் ரப்பர் பட்டி வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளையாகப் பொரிந்துவிடும். மரத்தில் ஏர்த் (மின்சாரம் பற்றறிக்குத் திரும்பும் வழி) கிடையாது, ஒவ்வொரு லைற்றுக்கும் செசியிலிருந்து தனி வயர் இழுங்கள். இந்தக் காரில் பொசிற்றிவ்தான் ஏர்த், அதாவது பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் செசியில் பூட்டியிருக்கும்.

பலர் கோட்டைவிடுவது பின் பாரத்தில். பொடி போனதும் பின்பக்கம் லேசாகி, இறுக்கிப் பிரேக் பிடித்தால் பின் சில்லு முதலில் பூட்டிக்கொண்டு வால் வீசும். பெற்றோல் தாங்கியையும் பற்றறியையும் பின் அச்சுக்கு அருகில் வையுங்கள். துள்ளினால் வில்லில் ஒரு தகடு கழற்றலாம், மேல் இரண்டில் கைவைக்கக்கூடாது. ஸ்ரியரிங் தண்டை வெட்டி ஒட்டவே வேண்டாம்.

வெட்டத் தொடங்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பொடி மாற்றத்துக்கு அனுமதி கேளுங்கள்.