செல்ஃப் எடுக்கவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

இன்று ஞாயிறு, கடைக்கு லீவு. பைக் வயரிங், ஸ்டார்ட்டிங் சம்பந்தமாக எது வேண்டுமானாலும் கேளுங்கள். ஒரே வேண்டுகோள், வோல்ட், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு கேளுங்கள். சில நூறு ரூபாய்தான். அது இல்லாமல் ஊகத்திலேயே வாங்கிப் போட்ட பேட்டரிகள் என் கடை மூலையில் அடுக்கிக் கிடக்கின்றன, பாதி நல்ல பேட்டரிகள்.

கேள்வி (ஈரோடு): அண்ணே, 150 சிசி, ஐந்து வருஷ வண்டி. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. மறுபடியும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. முதலில் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். படபடவென்று மிஷின் மாதிரி அடித்தால், ரிலே (பேட்டரி கரண்டை செல்ஃப் மோட்டாருக்குத் திறந்துவிடும் சுவிட்ச்) இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்ட் விழுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அது பேட்டரி டவுன், இல்லையென்றால் டெர்மினல் லூஸ். உங்களுடையது ஒற்றை டக். ரிலே இழுக்கிறது, கரண்ட் மோட்டார் வரைக்கும் முழுசாகப் போய்த் திரும்பவில்லை.

மீட்டரை பேட்டரியில் வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் இருக்க வேண்டும். பட்டனை அழுத்தியபடியே பாருங்கள். எட்டுக்கோ ஒன்பதுக்கோ விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம், மோட்டார் இறுகியிருந்தாலும் அப்படி விழும். 12-ஐ விட்டு அசையவே இல்லை என்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். அடுத்து, மீட்டரின் சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில், கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில். பட்டனை அழுத்தினால் அரை வோல்ட்டுக்குள்தான் காட்ட வேண்டும். போன மாதம் ஒரு வண்டியில் 3 வோல்ட் காட்டியது. அந்த ஆள் அதற்குள் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டார். பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டை ஒரு சுற்றுதான் திருப்பினேன், கேபிள் முனையில் இருக்கும் வளையம் தனியாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளே பச்சைப் பொடி, செம்புக் கம்பி நாலைந்து இழைதான் மிச்சம்.

எர்த் சரியாக இருந்தால் ரிலேவின் இரண்டு தடிமனான போல்ட்டிலும் ஆளுக்கு ஒரு முனை வையுங்கள். அழுத்தும்போது 12 அப்படியே நின்றால் உள்ளே கான்டாக்ட் கருகிவிட்டது. பூஜ்யத்துக்கு வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாரைக் கழற்றி, சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் பாருங்கள். ஸ்பேனர் பிடியால் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டியதும் ஒரு முறை சுற்றினால், பிரஷ் தேய்ந்துவிட்டது என்று ஏறக்குறைய முடிவே பண்ணிவிடலாம். அளந்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.

கேள்வி (மதுரை): பட்டனை அழுத்தினால் டக் கூட இல்லை. ஹாரன், லைட் எல்லாம் நன்றாக இருக்கிறது.

பதில்: கில் சுவிட்ச், ஹேண்டிலில் இன்ஜினை அணைக்க இருக்கும் அந்த சுவிட்ச், ஆஃபில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், அதற்காகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். அது சரியென்றால் நியூட்ரல் லைட் எரிகிறதா, சைட் ஸ்டாண்ட் சென்சாரில் சேறு அடைத்திருக்கிறதா, கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்ச் வேலை செய்கிறதா பாருங்கள். வாட்டர் வாஷ் முடிந்த மறுநாள் என்றால் முதல் சந்தேகம் அந்தக் கிளட்ச் சுவிட்ச்தான்.

கேள்வி (வேளச்சேரி): சார், மழைத் தண்ணீரில் வண்டி டேங்க் வரை மூழ்கிவிட்டது. இன்றுதான் தண்ணீர் வடிந்தது. ஒரு தடவை செல்ஃப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சாவியைக்கூடப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ‘ஒரே ஒரு தடவை’ அழுத்திப் பார்த்த ஒருவர், ஆயில் மாற்றுவதோடு முடிய வேண்டிய வேலைக்கு இன்ஜினையே இறக்கினார். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், பிளக்கை எடுங்கள், ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் வடித்துவிடுங்கள். கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் முனை) ஒவ்வொன்றையும் பிரித்துக் காய வைத்த பிறகுதான் சாவி.

கேள்வி (தஞ்சாவூர்): ஃபியூஸ் அடிக்கடி போகிறது. தற்காலிகமாக சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைத்திருக்கிறேன்.

பதில்: இதைப் படித்ததும் எழுந்து போய் அதைப் பிடுங்கிப் போடுங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் போடுகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஃபியூஸ் போகவில்லை என்றால் வயர் போகும், வயர் போகிற இடம் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஹேண்டிலைத் திருப்பும்போது மட்டும் போகிறதா என்று பாருங்கள், கழுத்துப் பக்கம் வயர் உரசியிருக்கலாம்.

கேள்வி (கோவை): பேட்டரி மாற்றி நாலு மாதம், திரும்ப டவுன். எந்த கம்பெனி பேட்டரி நல்லது?

பதில்: மேலே ஈரோட்டுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். கூடவே வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுத்து பேட்டரியில் வோல்ட் அளந்து பாருங்கள். 13.8-லிருந்து 14.5-க்குள் வரவில்லை என்றால் எந்த கம்பெனி பேட்டரி போட்டாலும் நாலு மாதம்தான். 15-ஐத் தாண்டினால், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட் (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) போய்விட்டது.

கேள்வி (நாகர்கோவில்): பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பேட்டரி காலி. ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறேன்.

பதில்: பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. சாவி ஆஃபில் 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-ஹவர் (ஏஎச்). 5 ஏஎச் பேட்டரிக்குப் பத்து நாள் கணக்கு சரியாக வருகிறதா?

கேள்வி (சேலம்): பேசாமல் 5 ஏஎச் இடத்தில் 9 ஏஎச் போட்டுவிட்டால் என்ன?

பதில்: பெட்டியில் அடங்கினால் போடலாம். ஆனால் கரண்ட் கசிகிற வண்டியில், கசிந்து தீர இன்னும் சில நாள் ஆகும், அவ்வளவுதான்.

குறுக்கே (திருச்சி): தப்பான யோசனை சொல்லாதீர்கள். பெரிய பேட்டரி போட்டால் செல்ஃப் மோட்டார் எரிந்துவிடும். எங்கள் மெக்கானிக் முப்பது வருஷ அனுபவம் உள்ளவர்.

பதில்: அவர் அனுபவத்துக்கு மரியாதை, கணக்கு வேறு. மாடியில் 500 லிட்டர் டேங்கை எடுத்துவிட்டு அதே உயரத்தில் 1000 லிட்டர் வைத்தால் குழாய் பிய்த்துக்கொண்டா போகும்? வோல்ட் 12-தான், மோட்டார் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும்.

குறுக்கே (திருச்சி): அப்படியானால் பெரிய பேட்டரி போட்டதும் செல்ஃப் ஏன் வேகமாகச் சுற்றுகிறது? சார்ஜும் முழுசாக ஏறாதே?

பதில்: நல்ல கேள்வி, முதல் பாதியில் உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரிய பேட்டரியில் உள் ரெசிஸ்டன்ஸ் குறைவு, லோடில் வோல்ட் அதிகம் விழாது, அதனால் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சுற்றும். அது மோட்டாரை எரிக்காது. எரிப்பது, ஸ்டார்ட் ஆகாத வண்டியில் விடாமல் அரை நிமிஷம் பட்டனை அமுக்கிக்கொண்டே நிற்கும் கட்டைவிரல். சார்ஜ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரியில்லை. ஒரு ஸ்டார்ட்டுக்கு எடுத்ததைத்தான் திருப்பி ஏற்ற வேண்டும், டேங்க் பெரிது என்பதால் எடுத்த தண்ணீர் கூடிவிடுமா? எனக்குப் பயம் வேறு. பெட்டிக்குள் அடங்காத பேட்டரியைக் கயிற்றில் கட்டி ஓட்டுகிறார்கள், பாசிட்டிவ் டெர்மினல் ஃபிரேமில் பட்டால் அங்கேயே தீ.

கேள்வி (வேலூர்): பிஎஸ்6 வண்டி, கிக்கர் இல்லை. பேட்டரி டவுன் ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: லைட் மங்கலாகவாவது எரிந்தால் இரண்டாவது கியரில் முயற்சி செய்யலாம். சுத்தமாகச் செத்திருந்தால் பெட்ரோல் பம்பும் ஈசியூவும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) விழிக்காது, வியர்வைதான் மிச்சம்.

கேள்வி (கரூர்): மைலேஜ் குறைகிறது, கார்புரேட்டர்...

பதில்: வயரிங் மட்டும், ஐயா.

கேள்வி (விழுப்புரம்): புது பேட்டரி வாங்கலாமா?

பதில்: மீட்டர் என்ன காட்டுகிறது?

ஈரோடு: அண்ணே, அளந்துவிட்டேன். பேட்டரி 12.7. இன்ஜினுக்கும் நெகட்டிவுக்கும் நடுவில் 2.8 காட்டுகிறது. ஆனால் புது பேட்டரிக்கு நேற்றே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

பதில்: எர்த் கேபிளைக் கழற்றுங்கள். சாயங்காலம் போய் அட்வான்ஸைத் திருப்பி வாங்குங்கள்.